பதினான்காம் தேதிக்கு வடக்கே

"சாகலைன்னா என்னாங்க அர்த்தம்? வண்டியில படுத்திருக்கிறாரு. வந்து பாருங்க."

"பாக்கறது என் வேலை இல்லம்மா. படிக்கிறதுதான் என் வேலை. இந்தக் காயிதத்துல என்னா போட்டிருக்குது? மார்ச் பன்னெண்டு, மரணம். இன்னிக்கி என்னா தேதி?"

"பதினாலு."

"அது உங்களுக்குப் பின்னாடி தெரியுதே அந்தத் தையக்கடை, அதுவரைக்கும்தான். அங்க பதினாலு. இந்த மேசைக்கு வடக்க மூணு. பன்னெண்டாந்தேதி சாவப் போற ஆளை மூணாந்தேதியே செத்துட்டார்னு எப்படி உள்ள விடறது? நாளைக்கி அவரே வந்து, ஏன்யா என்னைப் பொணம்னு எழுதினேன்னு கேட்டா நான் என்னா பதில் சொல்லுவேன்?"

"அவரு கேட்டா என்னாண்ட அனுப்புங்க. நான் சொல்லிக்கிறேன்" என்றாள் வசந்தா.

அவள் கழிமுனைக்குப்பத்துக்காரி. மரக்காணம் உப்பளத்தில் வாரிப்போட்ட உப்பைக் கூடையில் சுமந்து கரையில் குவிப்பது அவள் வேலை. மீன்பிடிக்கப் போவது அவள் கணவன் பக்கிரியின் வேலை. இரண்டு நாளுக்கு முன்பு வலை இழுக்கும்போது பக்கிரி கடலில் விழுந்தான். கடல் அவனைத் தெற்கே இழுத்துக்கொண்டுபோய், எல்லைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரிக் கரையில் ஒதுக்கியது. அங்கிருந்த ஆஸ்பத்திரி அவனை அறுத்துப் பார்த்து, தைத்து, இறந்துவிட்டான் என்று எழுதிக் கொடுத்தது. கோட்டக்குப்பத்து உபைத் தன் வண்டியில் குளிர்பெட்டியோடு ஏற்றிக்கொண்டான். ஊருக்குப் போகும் வழியில் இந்த மேசை இருந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் தட்சணாமூர்த்தி, வரலாற்றுத் தேதி நேராக்க வாரியத்தின் எல்லை எழுத்தர்.

வாரியத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பக்கத்தில் ஒரே நாளுக்கு இரண்டு தேதிகள் இருந்தன. புதுச்சேரியின் பிரெஞ்சுக்காரர்கள் போப் திருத்திக் கொடுத்த கிரிகோரியன் நாட்காட்டியில் இருந்தார்கள். போப் சொல்லி நாம் என்ன கேட்பது என்று ஆங்கிலேயர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டியிலேயே, பதினோரு நாள் பின்னால் இருந்தார்கள். 1752இல் அவர்களும் மனம் மாறி, செப்டம்பர் இரண்டாம் தேதி இரவு படுத்து, மறுநாள் பதினான்காம் தேதி எழுந்தார்கள். அந்தக் காலத்துக் கல்லறைகளிலும் கல்வெட்டுகளிலும் இருக்கும் தேதிகளை இன்றைய கணக்குக்கு மாற்றி எழுதவே வாரியம் அமைக்கப்பட்டது.

இந்தக் கரையில் அப்படிப்பட்ட கற்கள் மூன்றுதான் கிடைத்தன. முதல் மாதமே மூன்றும் நேராகிவிட்டன. வாரியத்தின் சொந்தக் கட்டடத்துக்கு அப்போதுதான் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இக்கட்டான நேரத்தில்தான் வாரியத் தலைவர் கண்ணாயிரம் அந்தப் பெரிய கண்டுபிடிப்பைச் செய்தார். பதினோரு நாட்களை விட்டுவிடும்படி லண்டனிலிருந்து உத்தரவு வந்தது உண்மை. ஆனால் அந்த உத்தரவை மரக்காணம் கரை பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டு எந்தக் கோப்பிலும் இல்லை. ஒப்புகை இல்லாத உத்தரவு வந்து சேராத உத்தரவு. ஆகவே எல்லையிலிருந்து மரக்காணம் வரை அந்தப் பதினோரு நாட்களை யாரும் சட்டப்படி விடவில்லை. ஆகவே அங்கே இன்னும் பழைய தேதிதான். அந்த ஆண்டில் இந்தக் கரை ஆங்கிலேயர் கையில்தான் இருந்ததா என்பதை வாரியம் ஆராயவில்லை. அதற்கு வேறொரு வாரியம் அமைக்க வேண்டும் என்று பரிந்துரை மட்டும் செய்தது.

பள்ளிக்கூடமும் வங்கியும் பேருந்தும் பழையபடியே ஓடின. வாரியத்தின் தேதி வாரியத்தின் மேசைகளில் மட்டும் செல்லும். ஆனால் மேசைகள் எல்லாச் சாலையிலும் இருந்தன. புதுச்சேரியிலிருந்து வந்த பால் பாக்கெட்டுகள், இன்னும் கறக்கப்படாத பால் என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டன. ஒரு மாப்பிள்ளை வீட்டார் தெற்கே தாலி கட்டி முடித்து, வடக்கே வரும்போது பெண்ணும் பையனும் தனித்தனி வண்டியில் வரவேண்டியிருந்தது.

"சார், நீங்களே ஒரு கணக்குப் போடுங்க" என்றான் உபைத். "அங்க பன்னெண்டுன்னா இங்க ஒண்ணு. அந்தக் காயிதத்துல மார்ச் ஒண்ணுன்னு மாத்திக்குங்க. இங்க இன்னிக்கி மூணு. செத்து ரெண்டு நாள் ஆச்சி. கணக்கு சரியாப் போச்சில்ல?"

தட்சணாமூர்த்தி அவனை இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி, மாத்தறதுக்குத்தான் வாரியமே இருக்குது. ஆனா வரலாற்றுத் தேதியைத்தான் மாத்தலாம். வரலாற்றுல இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை." வசந்தாவைப் பார்த்துத் திரும்பினார். "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் வரலாற்றுல இருந்தாரா?"

"கடல்ல இருந்தாரு" என்றாள் வசந்தா.

"அதான் பாத்தேன்."

உபைத் வண்டியைத் திருப்பினான். கிளியனூர் வழியாகச் சுற்றிப் போய்விடலாம் என்றான். கிளியனூரில் ஒரு மேசை இருந்தது. இடையஞ்சாவடிச் சந்துக்குள் நுழைந்து பார்த்தார்கள். அங்கே மேசைகூட இல்லை, முந்திரி மரத்தடியில் ஒரு நாற்காலி மட்டும். நாற்காலியில் சங்கிலி போட்டு ஒரு முத்திரைக் கட்டை. காவலாளி சாப்பிடப் போயிருந்தான். அவன் திரும்பி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, இன்று மூன்றாம் தேதி என்றான்.

ஆஸ்பத்திரிக்கே திரும்பப் போனார்கள். அங்கே மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிய உடலைத் திரும்பச் சேர்க்க வேண்டுமானால், அதற்குப் புதிதாக ஏதாவது நோய் வந்திருக்க வேண்டும் என்றார்கள்.

அப்படித்தான் பக்கிரி எல்லையில் நிறுத்தப்பட்டான். மேசைக்குத் தெற்கே உபைத்தின் அக்கா நஸ்ரியாவின் தையல் கடை. கடைக்குள்ளிருந்து ஒயர் இழுத்து வண்டிக்குள் குளிர்பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தார்கள். பெட்டி ஓடும்போது தையல் மெஷின் மோட்டார் ஓடவில்லை. நஸ்ரியா காலால் மிதித்துத் தைத்தாள். பெட்டி பழையது. அரைமணிக்கு ஒருதரம் இருமுவதுபோல் சத்தம் போட்டு நின்றுவிடும். உபைத் பக்கவாட்டில் ஓர் அடி கொடுத்தால் மறுபடி ஓடும்.

"இது எத்தினி நாள் தாங்கும் தம்பி?" என்றாள் வசந்தா.

"அல்லா மேல பாரத்தைப் போட்டு ஓட்டறேன்க்கா. பெட்டியை நம்பி இல்ல."

பின்னேரம் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் ஆதிமூலம் போன் செய்தார்.

"எங்கம்மா இருக்கீங்க? பந்தல் போட்டு, பறைக்காரங்க வந்து உக்காந்திருக்காங்க."

வசந்தா சொன்னாள்.

"சாவலையாமா?"

"பன்னெண்டாந்தேதிதான் சாவாராம் மாமா."

கழிமுனைக்குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் செத்தவன் ஊர் மணலில் இறங்கும்வரை ஒரு படகும் கடலில் இறங்காது. வேறு ஊர் மணலில் புதைத்துவிடவும் முடியாது. புதைத்தால் அந்த ஊர்ப் படகுகளும் கரையேற வேண்டும். எந்த ஊர் சம்மதிக்கும்? ஆகவே குப்பத்துப் படகுகள் எல்லாம் கரையில் மூக்கை நட்டுக்கொண்டு நின்றன. வலைகள் காய்ந்தன.

"நாங்க ஒண்ணும் அவசரப்படலைம்மா" என்றார் ஆதிமூலம். "நீ பொறுமையா பாரு. ஆனா சீக்கிரம் பாரு."

மறுநாள் வசந்தாவும் உபைத்தும் மரக்காணத்தில் இருந்த வாரிய அலுவலகத்துக்குப் போனார்கள். உப்பளத்தின் நடுவே மேடு போட்டுக் கட்டியிருந்தார்கள். வரப்புகளில் கீற்று மூடிய உப்புக் குவியல்கள். வசந்தாவோடு வேலை செய்யும் பெண்கள் தூரத்தில் கூடையோடு போனார்கள். அவளைக் கண்டதும் நின்றார்கள். கிட்டே வரலாமா கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவள் தாலி கழுத்தில்தான் இருந்தது.

வாசலில் போனை வாங்கி, தேதியைப் பின்னால் தள்ளிக் கொடுத்தார்கள். உபைத்தின் போன் உடனே எல்லாச் செயலிகளையும் மூடிக்கொண்டு, பாதுகாப்பு ஆபத்து என்று எச்சரித்தது.

"போனுக்குத் தெரியுது" என்றான் உபைத்.

தலைவர் கண்ணாயிரத்தின் மேசைமேல் தூய வெள்ளை உப்பில் செய்த பூமி உருண்டை ஒன்று இருந்தது. ஈரக்காற்றில் ஆஸ்திரேலியா கரைந்து ஒழுகியிருந்தது. பக்கத்தில் துணைத் தலைவர் வெற்றிச்செல்வன்.

கண்ணாயிரம் மனுவைப் படித்தார். படித்து முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல நீங்க என்ன கேட்டிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியுதாம்மா?"

"அவரு செத்த தேதியை மாத்தித் தரச் சொல்லிக் கேட்டிருக்கேன் சார்."

"அதாவது, பன்னெண்டாந்தேதி வரைக்கும் உயிரோட இருக்க வேண்டிய மனுசனை ஒண்ணாந்தேதியே சாகடிக்கச் சொல்றீங்க. கட்டின பொண்டாட்டி. எழுத்துமூலமா." அவர் மனுவை விரல் நுனியால் தள்ளிவைத்தார். "இதை நான் போலீசுக்கு அனுப்பணும். உங்க முகத்தைப் பாத்து அனுப்பாம இருக்கேன்."

"சார், நான் சொல்றதைக் கேளுங்க..."

"இந்த மாதிரி மனுவுல சம்பந்தப்பட்டவர் கையெழுத்து வேணும். அவர்தானே சாவப் போறவர்? அவர் ஆட்சேபம் இல்லைன்னு போடட்டும்."

"அவரு எப்படி சார் போடுவாரு?"

"உயிரோட இருக்கிறவர் ஏன் போட மாட்டாரு? படிப்பு இல்லைன்னா கைநாட்டு வைக்கட்டும். நாங்க மக்களுக்குச் சிரமம் குடுக்கிற வாரியம் இல்ல."

வெற்றிச்செல்வன் தொண்டையைச் செருமினார். "சார், மன்னிக்கணும். பன்னெண்டாந்தேதி வர இன்னும் எட்டு நாள் இருக்குதுன்னு நினைக்கிறீங்க. அது தப்பு."

"வெற்றி, இப்ப வேணாம்."

"ஜூலியன் கணக்குல 1800லயும் 1900லயும் பிப்ரவரி இருபத்தொம்போது உண்டு சார். கிரிகோரியன்ல கெடையாது. வித்தியாசம் பதினொண்ணு இல்ல, பதிமூணு. இங்க இன்னிக்கி நாலாந்தேதி இல்ல, ரெண்டாந்தேதி. இதை நான் ஏழு குறிப்புல எழுதியிருக்கேன்."

"நாம பதினொண்ணைத்தான் மீட்டோம். மீட்காத ரெண்டு நாளை எப்படிப்பா குடுக்க முடியும்?"

"வரலாறு குடுக்குது சார். நான் குடுக்கலை."

இருவரும் வசந்தாவை மறந்துவிட்டார்கள். உப்பு உருண்டையை நடுவில் வைத்துக்கொண்டு, ஒருவர் பதினொன்று என்றார், மற்றவர் பதிமூன்று என்றார். கடைசியில் வெற்றிச்செல்வன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். வெற்றி பெற்றவரின் புன்னகை அவர் முகத்தில் இருந்தது.

"கவலைப்படாதீங்கம்மா. உங்க வீட்டுக்காரருக்கு இன்னும் ரெண்டு நாள் கூடுதல் ஆயுளுக்கு நான் வாதாடிக்கிட்டு இருக்கேன்."

"வேணாம் சார்" என்றாள் வசந்தா. "பெட்டி தாங்காது. நின்னு நின்னு ஓடுது. எனக்கு அவரை ஊருக்குக் கொண்டுபோவணும், அவ்வளோதான்."

கண்ணாயிரம் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினார். வெயிலில் குவியல் குவியலாக உப்பு கண்ணைக் கூசச் செய்தது.

"பெட்டி போனா என்னாம்மா? உங்க ஊர்ல உப்புக்கா பஞ்சம்?"

வசந்தா அந்தக் குவியல்களைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"கருவாடு போடச் சொல்றீங்களா சார்?"

"அந்த வார்த்தையை நான் சொல்லலை" என்றார் கண்ணாயிரம், பேனாவை எடுத்து. "நீங்களா முன்வந்து சொன்னதாக் குறிச்சிக்கிறேன்."

உபைத் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். வசந்தா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "வண்டி உன்னுது தம்பி. உன்னை உள்ள வெச்சிட்டா பெட்டியை யாரு அடிச்சி ஓட்டறது?"

பிறகு அவள் குப்பத்துப் படகுகளைப் பற்றிச் சொன்னாள். ஊரே வேலைக்குப் போகாமல் கிடக்கிறது, மீன்கூடை தூக்கும் பெண்கள் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாள். சொன்னால் மனம் இளகும் என்று நினைத்தாள். மனம் இளகியது. கண்ணாயிரம் அதிர்ச்சியோடு வெற்றிச்செல்வனைப் பார்த்தார்.

"உயிரோட இருக்கிற ஆளுக்கு ஊரே துக்கம் காக்குதா? இதை உடனே நிறுத்தணும்."

அடுத்த நாள் காலையில் வாரியத்தின் ஜீப் கழிமுனைக்குப்பத்துக்குப் போய் ஆணையை ஒட்டியது. மேற்படி பக்கிரி பன்னிரண்டாம் தேதி வரை உயிருடன் இருப்பதால், அவர் பொருட்டுப் பந்தல் போடுவது, பறையடிப்பது, தொழிலுக்குச் செல்லாதிருப்பது ஆகியவை அரசு ஆவணத்தை அவமதிக்கும் செயல்களாகும். பந்தலைப் பிரித்தார்கள். பறைக்காரர்கள் வெற்றிலையை மடித்துக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் ஆதிமூலம் போன் செய்தார். நிறைய நேரம் வெயிலைப் பற்றிப் பேசினார்.

"எத்தினி படகு மாமா போச்சி?" என்றாள் வசந்தா.

"எல்லாம் இல்லம்மா."

"எத்தினி?"

"என்னுது போவலை." கொஞ்சம் நின்று, "என் மருமவன் எடுத்துக்கினு போனான்" என்றார். "வூட்ல புள்ளைங்க இருக்குதும்மா. கவுருமெண்டே சாவலைன்னு சொல்லும்போது நாங்க என்னான்னு..."

"நல்லா மீன்பாடு வந்துச்சா?"

அவர் மறுபடியும் வெயிலைப் பற்றிப் பேசினார். நல்ல பாடுதான் வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் பெட்டி அடுத்தடுத்து இரண்டுமுறை நின்றது. மூன்றாம் முறை நின்றபோது உபைத் எவ்வளவு அடித்தும் ஓடவில்லை. மெக்கானிக் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான். நஸ்ரியா ஐஸ் கட்டி வாங்கி வரச்சொல்லி, உடைத்து, தைக்கக் கொடுத்திருந்த துணியில் சுற்றி அடுக்கினாள். ஐஸ் தண்ணீர் வண்டியிலிருந்து சொட்டி, மேசைக்கு அடியில் போய், தட்சணாமூர்த்தியின் செருப்பை நனைத்தது.

"ஏம்மா, இது பதினேழாந்தேதித் தண்ணி" என்றார் அவர் மறுநாள், காலைத் தூக்கிக்கொண்டு. "இந்தப் பக்கம் வரக்கூடாது."

சொல்லும்போது அவர் வண்டியைப் பார்க்காமல்தான் சொன்னார். அன்று அவர் காலையிலிருந்தே வண்டியைப் பார்க்கவில்லை. காற்று தெற்கிலிருந்து வடக்காக அடித்தது. காற்றைத் தடுக்க வாரியத்தில் ஏற்பாடு இல்லை.

அன்றைக்கு எல்லையில் விழா. சாலைக்குக் குறுக்கே தடுப்புக் கம்பத்துக்கு மேல் இரண்டு பெரிய தேதிப் பலகைகள் வைத்திருந்தார்கள், தெற்கு முகமாக ஒன்று, வடக்கு முகமாக ஒன்று. பச்சைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். ஷாமியானா, மைக், பன்னீர்ச் செம்பு. வந்தவர்களுக்கு மோர் கொடுத்தார்கள். சிலர் மோரைக் குடிக்காமல் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்கள். பன்னீரை இன்னொருமுறை தெளிக்கச் சொன்னார் வெற்றிச்செல்வன்.

கண்ணாயிரம் மைக் முன்னால் நின்றார். மேடையில் அவர் தமிழ் மாறிவிடும்.

"பெரியோர்களே! இந்த வாரியம் தொடங்கியபோது நேராக்கப்பட வேண்டிய கற்கள் மூன்று இருந்தன. மூன்றையும் ஒரே மாதத்தில் நேராக்கினோம். சாதாரண வாரியமாக இருந்தால் அதோடு கலைந்திருக்கும். நாங்கள் கலையவில்லை!"

கைதட்டினார்கள்.

"மக்கள் இதைக் கேட்டார்களா என்று சிலர் கேட்கிறார்கள். மக்கள் கேட்பதைச் செய்வதற்கு ஆயிரம் அலுவலகங்கள் இருக்கின்றன. மக்கள் கனவிலும் கேட்காததைச் செய்வதற்கு ஒரே ஒரு வாரியம்தான் இருக்கிறது. இந்தக் கரையிலிருந்து பறிபோன பதினோரு நாட்களை நாங்கள் மீட்டோம். மீட்ட நாட்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டார்கள். அது எங்கள் வேலை அல்ல. மீட்பதுதான் எங்கள் வேலை."

தண்ணீர் குடித்தார்.

"இதனால் யாருக்காவது நஷ்டம் உண்டா? ஒரு உயிருக்காவது சேதம் உண்டா? கிடையாது. சேதம் அல்ல, லாபம்! இதே கரையைச் சேர்ந்த ஓர் ஏழை மீனவர், பக்கிரி என்று பெயர். தெற்கே இருக்கிறவர்கள் அவரை இறந்துவிட்டார் என்று எழுதிக் கைகழுவிவிட்டார்கள். நாம் கைவிட்டோமா? பதினோரு நாள் ஆயுளை நீட்டித்துக் கொடுத்தோம்! உலகத்தில் எந்த மருத்துவமனையாவது இதைச் செய்திருக்கிறதா? இன்று, இந்த நிமிடம், சட்டப்படி, பக்கிரி உயிரோடு இருக்கிறார்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அது அடங்கும்வரை ஷாமியானாவின் ஓரத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் முந்தானையைச் செருகியிருந்தாள். உப்புக்கூடை தூக்கப் போகும்போது அப்படித்தான் செருகுவாள். கை முழங்கை வரை ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது.

"சார்" என்றாள் வசந்தா.

"விழா முடிஞ்சதும் மனு குடும்மா" என்றார் கண்ணாயிரம் மைக்கை மூடிக்கொண்டு.

"மனு இல்ல சார். தேதியை மாத்தவும் கேக்கலை. நீங்க இப்ப சொன்னதைத்தான் கேக்கறேன். அவரு உயிரோடதானே இருக்கிறாரு?"

"சந்தேகமே வேண்டாம்."

"இன்னிக்கி உங்களுக்கு ஆறாந்தேதி. பன்னெண்டு வரைக்கும் இருப்பாரு."

"நிச்சயமா."

"உயிரோட இருக்கிற மனுசன் தன் ஊட்டுக்குப் போறதுக்கு இந்த மேசையில என்னா காயிதம் காட்டணும் சார்?"

கண்ணாயிரம் வெற்றிச்செல்வனைப் பார்த்தார். வெற்றிச்செல்வன் தட்சணாமூர்த்தியைப் பார்த்தார். தட்சணாமூர்த்தி அன்று முதல்முறையாக வண்டியைப் பார்த்தார். உபைத் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகியிருந்தான். மூடியிருந்த பலகைகளின் பச்சைத் துணி காற்றில் ஒருபக்கம் நழுவி, வடக்கு முகத்து ஆறு வெளியே தெரிந்தது.

"இத்தினி நாள் பொணத்தைக் கேட்டு நின்னேன், நீங்க தரலை. சரி. புருசனைக் கேக்கறேன். சாவறதுக்கு மின்ன ஆறு நாள் ஊட்ல இருந்துட்டுப் போவட்டும். அப்புறம் பன்னெண்டாந்தேதி நீங்க வந்து சொல்லுங்க, அழுவறேன். இப்ப அந்தக் கம்பத்தைத் தூக்கச் சொல்லுங்க சார்."